சிஸ்டர் லூசினா இரண்டு தடவை சாப்பிட்ட சாமைச் சோறு

போன மாதம் ஆறு இளம் கன்னியர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆறு பேரும் நம் பக்கத்துப் பெண்கள். சபை அவர்களை ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்கு அனுப்புகிறதாம். போவதற்கு முன்னால் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். சீமையிலிருந்து வந்த சிஸ்டர்களைக் கொல்லிமலையில் பழக்கிய பழைய நர்ஸம்மா ஒருத்தி காளப்பநாயக்கன்பட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முறுக்கும் காப்பியும் கொடுத்தேன். ஆறு பேரும் என் முகத்துக்கு நேராகவே முறுக்கைக் கடித்தார்கள். காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்கள். ஒரு பெண் இன்னொரு முறுக்குக்குத் தைரியமாகக் கையை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். உங்கள் சபையில் ஒரு காலத்தில் இது குற்றம் என்றேன். நம்பவில்லை. முழுக் கதையையும் சொன்ன பிறகு, இதை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். எழுத்தும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரோஸம்மாள். இருபது வயதில் புருஷனை இழந்தேன். அண்ணன் வீட்டில் அடுப்பூதிக்கொண்டு அண்ணியிடம் பேச்சு வாங்குவதற்குப் பதிலாக, பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் பிரசவம் பார்க்கக் கற்றேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தரை கழுவினேன், திட்டு வாங்கினேன், கடைசியில் சர்டிபிகேட்டும் வாங்கினேன். கையோடு மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். செம்மேட்டுக்குப் பக்கத்தில் மண்சுவரும் புல் கூரையுமாக ஒரு வீடு கட்டி, அதில் ஹாலந்து தேசத்திலிருந்து வந்த மூன்று புதுச் சிஸ்டர்களை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் அங்கே பழக வேண்டும். தேறினால் மலையிலேயே மருந்துச்சாலை நடத்த விடுவார்கள். தேறாவிட்டால் திரும்பவும் கப்பல். அதை முடிவு செய்கிறவர் மதர் அகத்தா.

என்னை எதற்கு வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கன்னியர் பிரசவம் பார்க்கக் கூடாது. திருச்சபைச் சட்டமே அப்படி. புண்ணுக்கு மருந்து போடலாம், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுக்கலாம், பிள்ளை பிறக்கிற இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. சில வருஷம் கழித்து அந்தச் சட்டம் மாறியது. நான் சொல்கிற சமயத்தில் மாறவில்லை. அதனால் பிரசவத்துக்கு நான், மற்றதற்கு அவர்கள்.

மதர் அகத்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளம். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. மார்பில் ஊசி குத்தி ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். அவர் தமிழில் அதிகம் உபயோகித்த வார்த்தை 'மறுபடி'. காலையில் பூசை முடிந்ததும், மலைக் காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கு ஒரு கொய்னா மாத்திரை. விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். மேஜை நாற்காலியிலேயே வளர்ந்த முழங்கால்கள், பாவம், மடங்கவே மடங்காது. மதரும் கூடவே உட்காருவார். அவருக்கும் வலிக்கும், முகத்தில் காட்டமாட்டார். யாராவது காலை நீட்டினால் கடிகாரத்தைப் பார்ப்பார். "மறுபடி. ஆரம்பத்திலிருந்து" என்பார்.

பிறகு மருந்துப் பை. கிருமி கொல்லும் லைசால், கத்தரிக்கோல், நூல், பஞ்சு, தெர்மாமீட்டர், ரப்பர் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் பையில் ஓர் இடம். கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்கச் சொல்வார். தப்பாக எடுத்தால் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கச் சொல்வார். என்னையும் விடவில்லை. பாயில் படுத்து நோயாளியாக நடிப்பது என் வேலை. நான் சும்மா முனகாமல், புருஷனைத் திட்டி, மாமியாரைத் திட்டி, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துவேன். சிஸ்டர்கள் பயந்துபோய்த் தமிழையே மறந்துவிடுவார்கள். மதர் மட்டும் அசையாமல், "நல்லது ரோஸம்மா, இன்னும் சத்தமாக" என்பார்.

மூன்று பேரில் சிஸ்டர் லூசினாதான் இளையவள். தன் ஊரில் நர்ஸ் வேலை கற்றவள். சின்னக் கை, சின்ன முகம், எதற்கெடுத்தாலும் சிவந்துபோகும். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் சின்னவள் என்பதால் மனசுக்குள் அவள் இவள் என்றுதான் நினைப்பேன். வாயில் 'சிஸ்டர், வாங்க போங்க'தான். பைச் சாமானை மூடிய கண்ணோடு முதல் தடவையே சரியாக எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். சட்டம் என்றால் அவளுக்கு உயிர். மணி அடித்தால் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

இப்போது அந்த முறுக்கு விஷயத்துக்கு வருகிறேன். சபையில் ஒரு விதி இருந்தது. சிஸ்டர்கள் வெளியார் கண்ணெதிரில் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. ஊருக்குப் போகும்போது ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டிக்கொள்வார்கள். பசித்தால் ஏதாவது பாறைக்குப் பின்னால் போய், முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தின்பார்கள். மலையில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாறைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்கார அம்மாக்கள் ஒளிந்து ஒளிந்து எதையோ தின்கிறார்கள் என்ற பேச்சு நாலு நாட்டுக்கும் பரவிவிட்டது. மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு.

மலையில் ஒரு வீட்டுக்குப் போனால் கை நனைக்காமல் வர முடியாது. சாமைச் சோறோ, கேழ்வரகுக் களியோ, வாழையிலையில் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார்கள். நாம் வேண்டாம் என்றால் அவர்களையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. நான் போன வீட்டிலெல்லாம் தின்றேன், உடம்பும் வைத்தது. கூட வருகிற சிஸ்டர் வாசலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

"மதர், இப்படியே போனா உங்க மருந்துச்சாலைக்கு ஈ கூட வராதுங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன். தலைமை மடத்துக்கு அனுமதி கேட்டு எழுதியிருப்பதாகவும், பதில் வரும்வரை விதி விதிதான் என்றும் மதர் சொன்னார். அந்தப் பதில் வந்தபோது நான் சொல்லப்போகிறதெல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மிகவும் அவசரமான நேரத்தில், மூத்த சிஸ்டரின் சம்மதத்தோடு, ஒரு குவளை தண்ணீர் அருந்தலாம் என்று எழுதியிருந்தார்கள். மதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பூசை முடிந்து வெளியே வருகிறோம், வாசலில் குண்டூர் நாட்டுச் சடையன் மூச்சு வாங்க நிற்கிறான். விடியும்போதே அவன் பெண்டாட்டி வெள்ளச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஊர்ப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள்.

"புள்ள நல்லா இருக்குதுங்க. நஞ்சுதான் உழுகலீங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குதுங்க. அம்மா உங்களைக் கையோட கூட்டியாரச் சொல்லுச்சுங்க."

குழந்தை பிறந்த பிறகு நஞ்சு, அதாவது நச்சுக்கொடி, கொஞ்ச நேரத்தில் தானாக வெளியே வந்துவிட வேண்டும். வராமல் பாதி ஒட்டிக்கொண்டு நின்றால் கர்ப்பப்பை சுருங்காது. சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைய முறைக்குக் கூட வந்தவள் லூசினா. இரண்டு மணி நேர நடை, நடுவில் இரண்டு ஓடை.

போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. என் வலது மோதிர விரலில் நகச்சுத்தி வந்து, நாலு நாளாகப் பழுத்து, கட்டுப் போட்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துவிட்டாலே நஞ்சு வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சீழ் வைத்த விரலோடு கையை உள்ளே விட்டால் ரத்தப்போக்கில் பிழைத்தவளும் ஒரு வாரத்தில் காய்ச்சலில் செத்துப்போவாள். இருந்த ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் மழைக்காலத்தில் ஒட்டிப்போய்க் கிழிந்திருந்தது.

சடையன் வீட்டில் எல்லாம் அவன் அம்மா பாவாயி வைத்ததுதான் சட்டம். என்னைக் கண்டதும் இலையைப் போட்டாள். அவசரத்தில்கூட அவள் முறையை விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். லூசினா வழக்கம்போல வெளியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளச்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தாள். நாடி நூலாக ஓடியது. வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை மாவுபோலக் குழைந்து கிடந்தது. ரப்பர் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தேன். இடது கையால் வயிற்றின் மேலே வட்டமாகத் தேய்த்துக்கொடுத்தேன். தேய்த்தால் கொஞ்சம் இறுகும், விட்டால் மறுபடியும் குழைந்துவிடும். இறுகிய சமயம் பார்த்து அழுத்திப் பார்த்தேன். நஞ்சு அசையவில்லை. கீழே விரித்திருந்த துணி நனைந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரம் போனது. இனிமேல் கை வைத்து எடுத்தால்தான் உண்டு என்று தெரிந்ததும் வாசலுக்கு வந்தேன்.

"சிஸ்டர், உள்ள வாங்க. நீங்கதான் கையை விட்டு எடுக்கணும்."

அவள் எழுந்து நின்றாள். "எனக்கு அனுமதி இல்லை, ரோஸம்மா."

கட்டைப் பிரித்து விரலைக் காட்டினேன். அவள் நர்ஸ். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கழுத்துச் சிலுவையை ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டாள். "தண்ணீர் கொதிக்கிறதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் குரல் நடுங்கவில்லை என்பதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

வாசல்படியில் பாவாயி குறுக்கே நின்றாள். கையில் இலை.

"ஏனுங்க நர்ஸம்மா, நீங்க எங்க ஊட்டுல எத்தனையோ வாட்டி கை நனைச்சிருக்கீங்க, உங்களை ஒண்ணும் சொல்லலீங்க. இந்தம்மா பாறைக்குப் பொறத்தால ஒளிஞ்சு திங்கறவங்க. எங்க ஊட்டுச் சோறு ஆகாதவங்க கை எங்க மருமக மேல படக்கூடாதுங்க."

"அங்க உசுரு போகுது பாவாயி."

"தெரியுமுங்க. எம் மருமக உசுருதானுங்க. ஒரு வாய் தின்னுபோட்டு வரச் சொல்லுங்க."

எனக்குப் பாவாயியை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் இன்றைக்கு யோசித்தால் அவள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத, ஒளிந்து தின்கிற ஒருத்தி அவள் மருமகளின் உயிர்நிலையில் கை விடப்போகிறாள். பாவாயிக்குத் தெரிந்த ஒரே பரீட்சை அதுதான்.

லூசினா இலையை இரண்டு கையாலும் வாங்கினாள். அப்பாடா என்று நினைத்தேன். அதற்குள் அவள் விறுவிறுவென்று நடந்து சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். தின்ன வேண்டும், ஆனால் வெளியார் கண்ணில் படக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றப் பார்க்கிறாள். கன்னியர் மடத்தில் பழகிய புத்திக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் அப்படித் தோன்றும். கொஞ்ச நேரத்தில் வெறும் இலையோடு வந்தாள். அவசர அவசரமாகத் தின்றதில் கொஞ்சம் கீழே சிந்தியிருக்க வேண்டும். அவள் பின்னாலேயே பாவாயி வீட்டு நாய் வாயை நக்கிக்கொண்டே வந்தது.

பாவாயி நாயைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது.

"நாயிக்குப் போட்டுட்டாங்க."

"நான் சாப்பிட்டேன். உண்மை" என்றாள் லூசினா.

"நாங்க பாக்கலீங்களே."

உள்ளேயிருந்து சடையன் தங்கை, "அண்ணி கூப்புட்டாப் பேச மாட்டேங்குதுங்க" என்று குரல் கொடுத்தாள். சிஸ்டர் என்ற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. லூசினாவின் தோளைப் பிடித்து வாசலிலேயே உட்கார்த்தினேன்.

"சிஸ்டர், நீங்க சாப்பிட்டது கடவுளுக்குத் தெரியும். பாவாயிக்குத் தெரியலை. இப்ப பாவாயிக்குத் தெரிஞ்சாகணும்."

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாவது இலை வந்தது. முக்காட்டைத் தானே இரண்டு கையாலும் பின்னால் தள்ளிவிட்டாள். மொச்சைக் குழம்பும் சாமைச் சோறுமாகப் பிசைந்து, பாவாயியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்தாள். வாசலில் நின்ற ஊர் மொத்தமும் அவள் தாடை அசைவதைப் பார்த்தது. கண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது. காரத்தினாலா, விதி உடைந்ததினாலா என்று நான் அப்போது கேட்கவில்லை. நாலாவது வாய்க்குப் பாவாயியே குனிந்து இலையைப் பிடித்து இழுத்தாள்.

"போதுங்க சாமி. போயிக் கையக் கழுவுங்க. எம் மருமகளைப் பாருங்க."

அதற்குப் பிறகு லூசினா வேறு ஆள். நகத்தை ஒட்ட வெட்டினாள். முழங்கைவரை சோப்பு, பிறகு லைசால், மதர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு விநாடி குறையாமல். நான் இடது கையால் வயிற்றுக்கு மேலிருந்து கர்ப்பப்பையைப் பிடித்துக்கொண்டேன். "விரலைக் குவிச்சு, தொப்புள் கொடியைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போங்க. கொடியை மட்டும் இழுத்துறாதீங்க" என்றேன். போனாள். "ஓரம் தட்டுப்படுதா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். "பலாச்சுளையைத் தோலிலிருந்து பிரிக்கற மாதிரி, விரல் ஓரத்தால மெதுவா. நகம் படக் கூடாது. பிச்சு எடுக்கக் கூடாது." நான் வெளியே பிடித்திருந்த கைக்கு அடியில் அவள் விரல்கள் நகர்வது எனக்கே தெரிந்தது. ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். "இங்கே ஒட்டியிருக்கிறது" என்றாள். "அவசரப்படாதீங்க" என்று சொன்னேன். எனக்குள் அவசரம் பிடுங்கித் தின்றது.

முழு நஞ்சும் கையோடு வந்தது. அதே நொடியில் என் கைக்குக் கீழே கர்ப்பப்பை சுருண்டு, தேங்காய்போல இறுகியது. ரத்தம் குறைந்து, சொட்டாகி, நின்றது. மறுபடி குழையாமல் இறுக்கி வைக்கிற எர்காட் மருந்தைக் கொடுத்தேன். வாழையிலையில் நஞ்சை விரித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டு எதுவும் குறைகிறதா என்று நான் ஒரு தடவை பார்த்தேன், லூசினா ஒரு தடவை பார்த்தாள். குறையில்லை. சாயங்காலத்துக்குள் வெள்ளச்சி கண்ணைத் திறந்து, பிள்ளையைக் கேட்டாள்.

மறுநாள் காலை லூசினாவைத் துணைக்கு ஆள் போட்டு அனுப்பிவிட்டு நான் அங்கேயே தங்கினேன். கை உள்ளே போன பிரசவத்தில் பத்து நாள் தாண்டினால்தான் பிழைத்தாள் என்று சொல்லலாம். மூன்றாம் நாள் தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. வாடை இல்லை, வயிற்றில் வலி இல்லை, பால் கட்டியிருந்தது. பால் காய்ச்சலாக இருக்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வமில்லை. மலைச்சாமி பெயரையும் சேர்த்துக்கொண்டேன், பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் நாள் சனிக்கிழமை காலையில் காய்ச்சல் சுத்தமாக இறங்கியது. அன்றே கிளம்பிவிட்டேன்.

மடத்து வேலியோரம் லூசினா நின்றிருந்தாள். தூரத்திலேயே, "எறங்கிருச்சு சிஸ்டர், காய்ச்சல் எறங்கிருச்சு" என்று கத்தினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அவள் சங்கதி தெரிந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் சிஸ்டர்கள் ஒவ்வொருவராக முழங்காலிட்டு, அந்த வாரம் செய்த குற்றங்களை மற்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். வழக்கமாகத் தட்டை உடைத்தேன், ஜெபத்தில் தூங்கினேன் என்றுதான் சொல்வார்களாம். லூசினா, வெளியார் முன்னால் உணவு உண்டேன், பிரசவத்தில் கை வைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். மதர் அதற்குப் பரிகாரம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு விதியை மீறியவளை, கேட்பாரில்லாத மலையில் விட்டுவைக்க முடியாது, அடுத்த கப்பலில் அனுப்பத் தலைமை மடத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சிறு வயதிலிருந்தே இந்த ஊழியத்துக்கு என்று காத்திருந்து வந்தவள் அவள். நாலு மாதத்தில் திரும்பிப் போவதா?

நேரே மதர் அறைக்குப் போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார்.

"நஞ்சு முழுமையாக வந்ததா?"

"வந்துச்சுங்க மதர். ரெண்டு பேரும் பாத்தோம்."

"காய்ச்சல்?"

"இன்னைக்குக் காலையில எறங்கிருச்சுங்க."

"பத்தாம் நாள் நானே வந்து பார்ப்பேன்."

அவ்வளவுதான், போகலாம் என்பதுபோலப் பேனாவை எடுத்தார். நான் நகரவில்லை. "சிஸ்டரை அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்பிச்சிருங்க. நகச்சுத்தி வந்தது எனக்குத்தான், அவங்களுக்கில்லை" என்றேன்.

"உன்னை அனுப்புவதும் வைத்துக்கொள்வதும் என் விருப்பம், ரோஸம்மா. அவள் விஷயம் என் விருப்பம் இல்லை. அவள் வாக்குக் கொடுத்தவள்" என்றார். குரல் உயரவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "பத்தாம் நாள் வரை கடிதம் எழுதமாட்டேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. லூசினாவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. மூன்று பேரும் கிளம்பினோம். செய்த வேலையை நீயே வந்து பார் என்று லூசினாவையும் மதர் கூட்டிக்கொண்டார். ஓடையில் மதர் வழுக்கினார். நான் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

வாசலில் குந்தி உட்கார்ந்து சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள் வெள்ளச்சி. எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மெலிந்துதான் இருந்தாள், ஆனால் தானாக எழுந்து நின்றாள். மதர் அவளை உள்ளே அழைத்துப்போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், கடிகாரத்தைப் பிடித்து நாடி பார்த்தார். தெர்மாமீட்டரை ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தார். குழந்தையை வாங்கி எடை பார்ப்பதுபோலக் கையில் ஏந்தினார். பிறகு அதை லூசினாவின் கையில் கொடுத்தார்.

வெளியே வந்தால் மூன்று இலை போட்டிருக்கிறது. பாவாயி சுவரில் சாய்ந்து நிற்கிறாள். வெள்ளச்சி சோற்றுச் சட்டியோடு வந்து முதலில் மதர் எதிரில் நின்றாள்.

"உக்காருங்கம்மா. நானே பொங்குனேனுங்க."

லூசினா நிமிரவே இல்லை. மதர் அந்தப் பெண்ணையும், சட்டியைப் பிடித்திருந்த அவள் இரண்டு கையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு அங்கியைச் சரிசெய்துகொண்டு, எத்தனையோ காலையில் சிஸ்டர்களை உட்காரவைத்த அதே மாதிரி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முக்காட்டைப் பின்னால் தள்ளினார். பிசைந்தார். சாப்பிட்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை.

பாதி இலை காலியானதும் என்னைப் பார்க்காமல், லூசினாவையும் பார்க்காமல், எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்:

"சிஸ்டர், நாளை வெள்ளிக்கிழமை. நீ முழங்கால் போட்ட இடத்தில் நானும் போட வேண்டும். இரண்டு பேரையும் கப்பலில் அனுப்பினால் இங்கே வேலை செய்ய ஆள் இல்லை. ஆகவே அந்தக் கடிதம் வேண்டாம். உட்கார். சோறு ஆறுகிறது."

லூசினா உட்காரவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

வெள்ளச்சி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். "ஏனுங்க நர்ஸம்மா, பெரியம்மா என்னங்க சொல்றாங்க?"

"சின்னம்மா இங்கயே இருப்பாங்களாம்."

"பின்ன வேற எங்க போவாங்க?" என்று கேட்டுக்கொண்டே, லூசினாவின் இலையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.